படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழும்பி இருந்தால் சரியாகிறது

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 57 வயது, வாவியில் வீச்சுவலை போடுகிறவர். மூன்று மாதத்துக்கு முன் கடும் தடிமன், காய்ச்சல், இருமல் வந்து ஒரு கிழமையில் மாறியது. அது மாறிப் பத்து நாளில் வலது தோளிலும் கழுத்திலும் நித்திரை கொள்ளவே முடியாத வலி. வலி இரண்டு கிழமையில் தணிந்தது. ஆனால் அன்றிலிருந்து மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழும்பி இருந்தால் சரியாகிறது. நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினாலும் அதே மாதிரி. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இருதய ஸ்கான்) நல்லம். தொய்வு (ஆஸ்துமா) என்று கொடுத்த பம்ப்பால் ஒரு பலனும் இல்லை. யாரோ பலூன் ஊதவும் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்றேயில் வலது பக்கப் பிரிமென்றகடு உயர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். "இது என்ன, மாறுமா, அப்பா திரும்ப வலைக்குப் போகலாமா?" இவ்வளவும்தான் கேள்வி.

தங்கச்சி, நான் மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிசியோதெரபி செய்கிறவன். அதில் பெரும்பகுதி நெஞ்சு வருத்தக்காரர்களோடும் ஐ.சி.யு.விலும் கழிந்தது. அப்பாவை நான் பார்க்கவில்லை, ஆகவே இதுதான் நோய் என்று முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியை வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்ணீருக்குள் இறங்கினால் மூச்சு முட்டுகிறது என்ற வரி. தொய்வுக்காரர் அப்படிச் சொல்லமாட்டார். இருதயம் பலவீனமானவருக்கும் படுத்தால் மூச்சு முட்டும்தான், ஆனால் பெரும்பாலும் அவருடைய எக்கோ நல்லம் என்று வராது. சுவாசப்பையும் இருதயமும் ஒழுங்காக இருக்க, உடம்பின் நிலையை மாற்றினால் மட்டும் மூச்சு மாறுகிறது என்றால், மூச்சை இழுக்கிற தசையையும் அந்தத் தசைக்குப் போகிற நரம்பையும் பார்க்கவேண்டும்.

அந்தத் தசைதான் பிரிமென்றகடு. ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படம் கீறியிருப்பீர்கள்: நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே, கவிழ்த்த சட்டி மாதிரி. மூச்சு இழுக்கும்போது அது கீழே இறங்கித் தட்டையாகிறது, சுவாசப்பைக்கு இடம் கிடைக்கிறது, காற்று உள்ளே வருகிறது. சும்மா இருக்கும்போது நாம் எடுக்கிற மூச்சில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த ஒரு தசையின் உழைப்பு. அதற்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டே இரண்டு நரம்புகள். அந்த நரம்பு எங்கிருந்து புறப்படுகிறது தெரியுமா? கழுத்தில் இருந்து. கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்பு வேர்கள் சேர்ந்து அது உருவாகி, நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்தின் ஓரமாகப் போய், விலாவின் அடியில் பிரிமென்றகட்டைச் சேர்கிறது. வயிற்றுக்கு மேலே இருக்கிற தசைக்கு ஏன் கழுத்தில் இருந்து நரம்பு? கருவில் பிரிமென்றகடு முதலில் உருவாவது கழுத்து மட்டத்தில். பிறகு குழந்தை வளர வளர அது கீழே இறங்குகிறது, தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. படித்து எத்தனையோ வருடமாகியும் எனக்கு இதில் வியப்புத் தீரவில்லை.

தோள் வலி இந்தக் கதைக்குள் வருவதும் அதனால்தான். தோளுக்கும் மேல் கைக்கும் போகிற நரம்புகள் அதே வேர்களை ஒட்டித்தான் புறப்படுகின்றன. 1948 இல் பார்சனேஜ், டேர்னர் என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் 136 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். திடீரென்று தோளில் தாங்கமுடியாத வலி, சில நாள் அல்லது சில கிழமையில் வலி தணியும், பிறகு தோளிலும் கையிலும் சில தசைகள் சோர்ந்து மெலியும். இன்றும் அந்த வருத்தத்துக்கு அவர்கள் பெயர்தான். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதற்கு முன் ஏதோ ஒன்று நடந்திருக்கும்: ஒரு தொற்று, ஒரு சத்திரசிகிச்சை, பழக்கமில்லாத கடும் வேலை, ஒரு பிரசவம். தொற்று என்றால் பெரும்பாலும் தடிமன் காய்ச்சல் மாதிரிச் சாதாரணமானதுதான். இந்த வருத்தம் வந்தவர்களில் நூறில் ஏழெட்டுப் பேர் அளவில் பிரிமென்றகட்டு நரம்பும் சேர்ந்து அடிபடுகிறது. சிலருக்குக் கையில் ஒன்றுமே இல்லாமல் மூச்சு நரம்பு மட்டும் போகும். அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிப்பது கடினம்.

வைரசு நேரே போய் நரம்பைத் தின்கிறதா என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலும் இல்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகும் அடங்காமல் நரம்பில் அழற்சியை உண்டாக்குகிறது. ஆகவேதான் காய்ச்சல் மாறி ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து இது தொடங்குகிறது. "அந்தக் காய்ச்சல் மாறித்தானே போச்சு, இது வேறென்னவோ" என்று வீட்டில் இரண்டையும் பிரித்துவிடுகிறோம், டொக்டரிடமும் சொல்லாமல் விடுகிறோம். அடுத்த கிளினிக்கில் நீங்கள் முதலில் சொல்லவேண்டியது, காய்ச்சல், தோள் வலி, மூச்சு மூன்றும் எந்த ஒழுங்கில் எத்தனை நாள் இடைவெளியில் வந்தன என்பதைத்தான். கொப்பியில் திகதியோடு எழுதிக் கொண்டுபோங்கள்.

இனித் தண்ணீருக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும்போது குடலும் ஈரலும் தம் பாரத்தால் கீழே தொங்குகின்றன. பிரிமென்றகடு சோர்ந்திருந்தாலும் அதற்கு மேலே இடம் இருக்கிறது, விலாத் தசைகளும் கழுத்துத் தசைகளும் சேர்ந்து சமாளித்துவிடும். மல்லாந்து படுத்தால் வயிற்றில் உள்ளதெல்லாம் நெஞ்சுப் பக்கம் சாய்கிறது. உழைக்கிற தசை என்றால் அதைத் தள்ளிக்கொண்டு இறங்கும், சோர்ந்த தசையோ தானே மேலே தள்ளுப்படும். நெஞ்சளவு தண்ணீரிலும் இதேதான். தண்ணீர் வயிற்றைச் சுற்றி நாலா பக்கமும் அமுக்க, வயிறு பிரிமென்றகட்டை மேலே அமுக்குகிறது. தோணியில் குனிந்து வலை இழுக்கும்போதும் அவருக்கு இது வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அவர் தண்ணீரில் உணர்ந்தது பயமோ மனப்பிரமையோ இல்லை. தன் உடம்பைப் பற்றி ஒரு மீனவர் சொன்ன மிகச் சரியான தகவல் அது.

ஆகவே அவர் இப்போதைக்கு நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கவே கூடாது, முழங்காலுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அடிபட்டிருந்தால் மூச்சு வாங்குவதோடு போகும். இரண்டு பக்கமும் அடிபட்டிருந்தால் தண்ணீருக்குள் ஒரு மூச்சு எடுக்கவே முடியாமல் போகலாம். எக்ஸ்றேயில் வலது மட்டும் உயர்ந்திருக்கிறது என்பதால் இடது நல்லம் என்று அர்த்தமில்லை, அதை இன்னும் யாரும் அளக்கவில்லை.

அம்பாறைப் பக்கம் வயல் செய்கிற ஒரு ஐயாவை மறக்கமுடியாது. கடும் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு இதே மாதிரி வந்தது. ஐந்து மாதம் தொய்வுக்கு மருந்து எடுத்தார். எந்த இடத்தில் என்பது இங்கே தேவையில்லை, யாருக்கும் தவறக்கூடியதுதான். என்னிடம் வரும்போது அவர் நான்கு மாதமாகக் கட்டிலில் படுக்கவில்லை. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, மேசையில் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்து நித்திரை. நெற்றியில் காய்ப்பே விழுந்திருந்தது. சேட்டைக் கழற்றிக் கட்டிலில் மல்லாத்திப் படுக்கச் சொன்னேன். வயிற்றில் என் கையை வைத்தேன். மூச்சு இழுக்கும்போது வயிறு எழும்பவேண்டும். அவருக்கு நெஞ்சு எழும்பியது, வயிறு என் கைக்குக் கீழே குழிந்து உள்ளே போனது. கழுத்தில் இரண்டு பக்கமும் தசை கயிறு மாதிரிப் புடைத்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, "தம்பி, ஏலாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். ஐந்து மாதத்தில் அவருடைய நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர்கள் பலர். படுக்கவைத்து வயிற்றைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இதை நீங்களும் வீட்டில் பார்க்கலாம். அப்பாவைச் சாய்வாகப் படுக்கவைத்து, அவருக்கு ஏலுமானவரை மெல்லத் தாழ்த்தி, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூச்சு இழுக்கும்போது வயிறு உள்ளே குழிந்தால் அது இரண்டு பக்கமும் பலவீனம் என்பதற்கான அறிகுறி, உடனே சொல்லவேண்டிய விசயம். குழியவில்லை என்றால் நல்லது, ஆனால் பரிசோதனை தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கப் பலவீனத்தில் கைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம்.

ஆஸ்பத்திரியில் கேட்கவேண்டியவை அதிகம் இல்லை. முதலாவது, ஊதிப் பார்க்கிற சோதனையை இருந்த நிலையிலும் படுத்த நிலையிலும் இரண்டு தரம் செய்வது. எல்லா இடத்திலும் இருத்தித்தான் ஊதச் சொல்வார்கள். "படுக்க வைத்தும் ஒருக்கால் பாருங்கோ டொக்டர், படுத்தால்தான் அவருக்கு முட்டுது" என்று தயங்காமல் கேளுங்கள். வருத்தம் இல்லாத ஒருவருக்குப் படுக்கும்போது அளவு 10 சதவீதத்துக்குள்தான் குறையும். ஒரு பக்கம் அடிபட்டவருக்கு அதைவிடக் கூடக் குறையும். 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் இரண்டு பக்கமும் என்று சந்தேகிக்கவேண்டும். செலவில்லாத இந்தச் சோதனை பல நேரம் விலைகூடிய ஸ்கானை விட அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம்.

இரண்டாவது, அல்ட்ராசவுண்ட் ஸ்கான். கீழ் விலா இடுக்கில் கருவியை வைத்து, பிரிமென்றகடு மூச்சு இழுக்கும்போது தடிக்கிறதா என்று நேரே பார்க்கலாம். உழைக்கிற தசை இழுக்கும்போது தடிக்கும். 20 சதவீதம்கூடத் தடிக்காவிட்டால் அது சோர்ந்த தசை. இந்தக் கருவி இல்லாத பெரிய ஆஸ்பத்திரி நம் மாவட்டங்களில் இல்லை, இப்படிப் பார்க்கப் பழகியவர் வேண்டும் என்பதுதான் விசயம். சில இடத்தில் எக்ஸ்றே திரையில் பார்த்தபடி மூக்கால் சடாரென்று உறிஞ்சச் சொல்வார்கள். நல்ல பக்கம் கீழே இறங்கும், சோர்ந்த பக்கம் எதிர்த்திசையில் மேலே ஏறும்.

மூன்றாவது, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சி.ரி. ஸ்கான். தங்கச்சி, இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் விடவும் கூடாது. அந்த நரம்பு போகிற நீண்ட வழியில் எங்காவது ஒரு கட்டியோ வீங்கிய நெறியோ அமுக்கினாலும் பிரிமென்றகடு இப்படித்தான் உயரும். அப்பா சுருட்டோ பீடியோ குடிக்கிறவர் என்றால் இது இன்னும் முக்கியம். காய்ச்சலுக்குப் பிறகு வந்தது என்ற கதை எவ்வளவு பொருந்தினாலும், வழியில் வேறு தடை இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தக் கதையை நம்பவேண்டும். கழுத்து எலும்புத் தேய்வு, நீரிழிவு, கழுத்தில் வருகிற அக்கி இவையும் பட்டியலில் உண்டு. கண் இமை தொங்குவது, பின்னேரமானால் பேச்சு குழறுவது இருந்தால் அது வேறு வருத்தம், அதையும் சொல்லுங்கள்.

இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஆபத்து ஒளிந்திருப்பது அங்கேதான். கனவு காண்கிற நித்திரையில் உடம்பின் தசைகள் ஏறத்தாழ எல்லாமே தளர்ந்துவிடும். விலாத் தசையும் கழுத்துத் தசையும் ஓய்வுக்குப் போக, பிரிமென்றகடு ஒன்றுதான் தனியாக நின்று மூச்சு இழுக்கும். அதுவும் சோர்ந்தது என்றால் மூச்சு மேலோட்டமாகி, வெளியேறவேண்டிய காபனீரொட்சைட்டு இரத்தத்தில் தேங்கும். காலையில் தலையிடி, பகலில் இருந்த இடத்தில் கண் சொருகுவது, மறதி, எரிச்சல், இரவில் திடுக்கிட்டு எழும்புவது எல்லாம் இதன் அடையாளங்கள். விரலில் மாட்டுகிற ஒட்சிசன் கருவி பகலில் 97 காட்டும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். அது காபனீரொட்சைட்டை அளக்காது. நாடியில் இருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு மருந்து ஒட்சிசன் சிலிண்டர் இல்லை. வீட்டுக்கு ஒரு சிலிண்டரை வாங்கி இரவிரவாகப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாசத்தில் செய்கிற வேலைதான். ஆனால் காபனீரொட்சைட்டு தேங்குகிற ஒருவருக்கு ஒட்சிசனை மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் கருவியில் எண் அழகாக ஏறும், உள்ளே தேங்குவது இன்னும் கூடும், ஆள் நித்திரையில் இருந்து எழும்பாமல் போகலாம். காற்று உள்ளே போக உதவுகிற இயந்திரம்தான் தேவை. பைபாப் என்று சொல்வார்கள். முகமூடி வழியாக மூச்சு இழுக்கும்போது அழுத்தம் கூட்டிக் கொடுத்து, விடும்போது குறைத்துக்கொள்ளும், சோர்ந்த தசைக்கு இரவில் ஒரு கை கொடுக்கிற மாதிரி. அந்த அம்பாறை ஐயாவுக்கு இதைத்தான் பொருத்தினோம். மூன்றாம் நாள் காலையில் வார்ட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனிசி, எழுப்பவேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார். அது வரைக்கும் அந்த அம்மாவும் நான்கு மாதமாக நித்திரை கொண்டிருக்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு இயந்திரம் தேவையா என்பது சோதனைக்குப் பிறகு தெரியும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. அதுவரைக்கும் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்வாகப் படுக்கட்டும். தலையணையைக் கழுத்துக்கு மட்டும் அடுக்கினால் தாடை நெஞ்சில் முட்டும், முதுகில் இருந்தே உயர்த்தவேண்டும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, வயிறு முட்டாமல் குறைவாகச் சாப்பிடட்டும். மலச்சிக்கலும் வயிற்று ஊதலும் நேரே மூச்சைக் கெடுக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நித்திரைக் குளிசை மட்டும் டொக்டரைக் கேட்காமல் தரவே கூடாது. கொழும்புக்கோ கண்டிக்கோ காட்டப் போவதென்றால் இரவு பஸ்ஸில் இருந்தபடி போவது பாதகமில்லை, வானில் படுக்கவைத்துக் கொண்டு போகாதீர்கள்.

பயிற்சி பற்றி. யாரோ பலூன் ஊதச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பலூன் ஊதுவது மூச்சை வெளியே தள்ளுகிற வேலை, பிரிமென்றகடு உள்ளே இழுக்கிற தசை. பலூனால் அவருக்குக் களைப்புத்தான் மிஞ்சும். மூச்சு இழுக்கும்போது எதிர்ப்புக் கொடுக்கிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அதில் குறைந்த அளவில் தொடங்கி, நல்ல பக்கத்தையும் மீண்டு வருகிற பக்கத்தையும் பலப்படுத்தலாம். வலி இருக்கும் காலத்தில் வேண்டாம், அளவும் பார்த்து வைக்கவேண்டும். களைத்து விழும்வரை செய்வது பயிற்சி இல்லை, அடிபட்ட நரம்புக்கு அது கேடு. தோளையும் விடாமல் அசைக்கவேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிப்போகும். ஸ்ரெரொயிட் மருந்து தோள் வலி தொடங்கிய முதல் நாட்களில் கொடுத்தால் சிலருக்கு உதவுகிறது. மூன்று மாதம் கழித்து அதைத் தேடிப் போவதில் பெரிய பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒரு விசயம் தனியாக. உங்கள் அப்பாவின் வருத்தம் மெல்ல வந்தது, யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் தொற்றுக்குப் பிறகு மூச்சுத் தசையை முடக்குகிற இன்னொன்று நாட்கணக்கில், சிலருக்கு மணிக்கணக்கில் ஓடும். 1916 இல் மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது, டொக்டர்மார் ஜீ.பி.எஸ். (கில்லன்-பாரே வருத்தம்) என்பார்கள். சளிக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து ஒன்று முதல் நான்கு கிழமைக்குள் பாதம் விறைக்கும், கால் சோரும், படி ஏற ஏலாது, பிறகு கை, பிறகு விழுங்குவதும் மூச்சும். வந்தவர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்கு மூச்சு இயந்திரம் தேவைப்படும். இதிலும் விரல் கருவி கடைசி வரை நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். வீட்டில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆழமாக மூச்சு இழுத்து, ஒரே மூச்சில் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், ஒரு செக்கனுக்கு இரண்டு எண் கணக்கில். நம் எண்கள் இருபதுக்கு மேல் நீண்டுபோவதால் ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்ப எண்ணுவது நல்லது. இருபது வராமல் மூச்சு முடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம். காலையில் முப்பது எண்ணியவர் பின்னேரம் பதினைந்தில் நின்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், நேரம் பார்க்கத் தேவையில்லை. நேரத்துக்குப் போனால் இதற்கு நல்ல சிகிச்சை உண்டு: நாளத்தில் ஐந்து நாள் ஏற்றுகிற எதிர்ப்புப் புரத மருந்து, அல்லது இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது. பெரும்பாலானவர்கள் திரும்ப நடக்கிறார்கள்.

மூச்சுத் தசை சோர்வதை நம் நாட்டு மருத்துவம் புதிதாகப் படிக்கவேண்டியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் குடித்தவர்கள் முதல் நெருக்கடியில் தப்பி, ஒன்று முதல் நான்கு நாளில் கழுத்தும் மூச்சுத் தசையும் சோர்ந்து இறப்பதைக் கவனித்து, 1987 இல் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் சேனாநாயக்க, கரல்லியத்த என்ற இரண்டு இலங்கை மருத்துவர்கள். பாம்பு கடித்து மூச்சு நின்றவர்களை இயந்திரத்தில் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிய தாதிமார் கிழக்கில் நிறைய இருக்கிறார்கள். அறிவும் கையும் இங்கேயே இருக்கிறது. காய்ச்சல் மாறி மூன்று மாதமான, நடந்து வருகிற, விரலில் 97 காட்டுகிற ஒரு மனிதரைப் பார்க்கும்போது அந்த எண்ணம் வருவதில்லை, அவ்வளவுதான். ஆகவேதான் "படுக்க வைத்துப் பாருங்கோ" என்று நீங்கள் சொல்லவேண்டும் என்கிறேன்.

சரி, மாறுமா? நரம்பின் மேலுறை மட்டும் பழுதாகியிருந்தால் கிழமைகளிலோ சில மாதத்திலோ மாறும். உள்ளே இருக்கிற இழையே அறுந்திருந்தால் அது முளைத்து வளரவேண்டும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். கழுத்தில் இருந்து பிரிமென்றகடு வரை ஒன்றரைச் சாண் என்று வையுங்கள், வலது நரம்பு இடதை விடக் கொஞ்சம் கட்டை. கணக்குப் போட்டால் பத்து, பதினொரு மாதம் வரும். அதற்குப் பிறகு தசை பலம் பிடிக்கவேண்டும். ஒரு வருடத்தில் இருந்து மூன்று வருடம் என்று நான் வீட்டுக்காரருக்குச் சொல்வேன். பலருக்குத் திரும்பும், சிலருக்குப் பாதி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. மூன்று மாதத்தில் ஒன்றும் காணவில்லை என்று மனம் விடுவதற்கும், வேறு வேறு மருந்துக்கு ஓடுவதற்கும் காரணமே இல்லை. நரம்பு இன்னும் பாதி வழிகூட வந்திருக்காது. ஒரு பக்கம் மட்டும் போய், ஒரு வருடத்துக்கு மேலாகியும் திரும்பாமல், மூச்சு அவரை முடக்கினால், தளர்ந்த பிரிமென்றகட்டை மடித்துத் தைத்துத் தட்டையாக்குகிற சத்திரசிகிச்சை ஒன்று இருக்கிறது. இப்போது அதை நினைக்கவேண்டாம்.

அம்பாறை ஐயாவுக்குப் பதினாலாம் மாதம் ஸ்கானில் இடது பக்கம் தடிக்கத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் இயந்திரத்தை விட்டார். வலது பக்கம் முழுதாகத் திரும்பவில்லை. வரம்பில் நடக்கிறார், மண்வெட்டி பிடிப்பதில்லை.

கடைசிக் கேள்வி வலையைப் பற்றியது. உங்களுக்கு அது வருமானம், அவருக்கு அதைவிடக் கூட என்று நினைக்கிறேன். கரையில் நின்று, முழங்காலளவு தண்ணீரில் வீசலாம் என்றால் இப்போதே, வலி இல்லாவிட்டால், சிறிய வலையோடு, தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட வைத்துக்கொண்டு. வலக்கை பலம் குறைந்திருந்தால் வீச்சு திரும்பாது, அதற்குத் தனிப் பயிற்சி தரலாம். இடுப்பளவு தண்ணீருக்குப் போவதைப் படுத்து ஊதிய அளவு வந்த பிறகு தீர்மானிப்போம். இருந்து ஊதியது எவ்வளவு, படுத்து ஊதியது எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும், காலையில் தலையிடி இருக்கிறதா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.